மருமகள் எறியாத கோடுகள்

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என் மருமகள் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நினைத்தால் முதலில் வருவது அந்தக் காலைதான். ஊரடங்கு போட்டிருந்த காலம். மேற்கே கல்வராயன் மலை பனியில் பாதி கரைந்துபோய், மீதிப் பாதி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் நின்றது. சாலையில் ஒரு சத்தம் இல்லை. கரும்பு லாரி ஹாரனில் பழகிய என் காதுக்கு அந்த அமைதி தண்ணீருக்குள் முங்கினது போல இருந்தது. திரையில் இருந்த கோடு படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டு போனது. ஒரு படி ஏறும், அங்கேயே நின்று நடுங்கும், மறுபடி ஏறும். சில இடத்தில் ஒரு படி வழுக்கி இறங்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏறாமல் இறங்காமல் நீளமாகப் படுத்துக் கிடந்தது.

நான் லாரிக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. மலையிலிருந்து இறங்குகிற மரவள்ளிக் கிழங்கில் பாதி என் வண்டியில்தான் இறங்குகிறது என்றால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். சொல்கிறவர்கள் சங்கராபுரம் ரோட்டில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். எல்லா வண்டியிலும் ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறேன். வண்டி ஓடுவதும் நிற்பதும் என் போனில் கோடாகத் தெரியும். அதுவும் இதே மாதிரிதான் இருக்கும். ஆகவே மருமகள் என் வண்டியைத்தான் கண்காணிக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வந்த கொஞ்ச நாளிலேயே தொழிலில் எவ்வளவு அக்கறை என்று உள்ளுக்குள் சந்தோஷம். படுத்துக் கிடந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கேயே நின்று டிரைவருக்குப் போன் போட்டேன்.

"எங்கடா வண்டிய போட்டுட்டுத் தூங்கிக்கினு இருக்க?"

"மொதலாளி, வண்டி உங்க வூட்டு எதிர்லதான் நிக்குது, எட்டிப் பாருங்க. நான் எங்க வூட்ல கஞ்சி குடிச்சிக்கினு இருக்கேன். ஊரே மூடிக் கெடக்குது, நான் இன்னா வானத்துலயா ஓட்டுறது?"

எட்டிப் பார்த்தேன். வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் கூரைமேல் ஒரு பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மருமகள் லேப்டாப் கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், பெரியவர் முகம் வாடிவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, "இது நம்ம வண்டி இல்ல மாமா. ஆனா இதுவும் ஒரு வண்டிதான்" என்றாள்.

அவளுக்குப் பிறந்த ஊர் வடக்கனந்தல். அவள் அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். அவள் வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என் மகன் கப்பல் வேலைக்காரன். கல்யாணம் முடிந்து அவன் கப்பலேறிவிட்டான், இவள் மாமனார் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், வந்த இடத்தில் பூட்டு விழுந்து மாட்டிக்கொண்டாள். மருமகளாகக் கொண்டுவந்தால் படித்த பெண்ணைத்தான் கொண்டுவருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று எடுத்தது நான். விஞ்ஞானி மருமகள் என்று கள்ளக்குறிச்சி பூராவும் சொல்லி வைத்திருந்தேன். அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டால் மட்டும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். நம் உடம்பு முழுக்கக் கண்ணுக்கே தெரியாத அறைகள், செல் என்கிறார்கள். அந்த அறைகளுக்குள் தண்டவாளம் மாதிரி இழைகள் ஓடுகின்றன. இழைமேல் இரண்டு கால் வைத்த ஒன்று மூட்டை தூக்கிக்கொண்டு நடக்கிறது. அதற்கு உயிர் இருக்கிறதா என்றால், அது ஒரே ஒரு மூலக்கூறு. இவர்கள் இழையை ஒரு கண்ணாடிச் சில்லில் ஒட்ட வைத்து, மேலே நடப்பதன் தலையில் ஒரு பொடி மணியைக் கட்டி, வெளிச்சத்தையே இடுக்கியாக வைத்து மணியைப் பிடித்துக்கொண்டு, அது எப்படி நடக்கிறது என்று பார்க்கிறார்கள். அது நடந்த நடைதான் அந்தக் கோடு. அது எங்கே போகிறது என்பது அவள் வேலை இல்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்கிறது, அதுதான் அவள் கணக்கு.

"நிக்கிறதப் போயி இன்னாத்துக்குமா எண்ணிக்கினு இருக்க?"

"நிக்கும்போதுதான மாமா உள்ள எதனா நடக்குது. ஏறுறது ஒரு நொடிப்பொழுது. மீதியெல்லாம் நிக்கிறதுதான்."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. நான் கிளீனராக மலை ஏறிய ஆள். அந்தக் காலத்து மலை ரோட்டைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். பாரம் ஏற்றிய வண்டி வளைவில் திணறி நின்றால் கிளீனர் குதித்து ஓட வேண்டும். பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். டிரைவர் ஒரு உறுமு உறுமுவார், வண்டி ஒரு முழம் ஏறும், கட்டையை எடுத்து மறுபடி அணைத்து வைக்க வேண்டும். கட்டை தவறினால் வண்டியும் இல்லை, கிளீனரும் இல்லை. என்னைப் போல் கட்டை வைக்க அன்றைக்கு இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. அப்படி முழம் முழமாக ஏறித்தான் இன்றைக்கு இந்த மாடி வீடு. "நானும் உன் வண்டியும் ஒண்ணும்மா" என்றேன்.

"கட்டை வெக்கிறது சரிதான் மாமா. ஆனா அது ஏறணும்னு நெனச்சி ஏறல. சுத்தி இருக்குற தண்ணி அத எல்லாப் பக்கமும் இடிச்சிக்கினே இருக்கு. முன்னாடி சாஞ்சா மாட்டிக்குது. பின்னாடி சாய வழி கம்மி. அவ்ளோதான்."

"அப்ப நான் ஏறுனதும் தண்ணி இடிச்சிதானா?"

"உங்கள நான் கண்ணாடியில ஒட்ட வச்சா மாமா பாத்தேன்? வுடுங்க."

மாடிப்படியில் துணிக்கூடையோடு ஏறிவந்த என் மனைவி, "இவர ஒட்ட வெக்க அவ்ளோ பெரிய கண்ணாடிக்கு எங்கம்மா போவ?" என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

அந்த நாட்களில் மத்தியானம் எனக்கு வேறு வேலை இல்லை. கட்டிலில் படுத்துக்கொள்வேன். ஜன்னலில் வேப்பமரம், அதற்கு அப்பால் மலை, இரண்டுக்கும் நடுவில் வெயில் ஒரு மெல்லிய வேட்டி போல ஆடிக்கொண்டிருக்கும். முதுகுத்தண்டில் தொடங்கும் நரம்பு காலின் கட்டைவிரல்வரை ஒரே நீட்டாகப் போகிறது என்றும், அதற்குள் தண்டவாளம் இருக்கிறது என்றும், இந்தச் சின்ன நடைக்காரர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடந்துதான் விரலைப் போய்ச் சேருகிறார்கள் என்றும் அவள் சொல்லியிருந்தாள். கண்ணை மூடினால் அவர்கள் தெரிவார்கள். என் தொடை ஒரு மலை, முழங்கால் ஒரு வளைவு. வளைவில் பனி. எண்ணி மாளாத கிளீனர்கள், முகம் இல்லாதவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், ஒரு அடி வைத்து, நின்று, தள்ளாடி, இன்னொரு அடி வைத்து. யாருக்கும் அவசரம் இல்லை. யாருக்கும் மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் கட்டைவிரலை அசைத்துப் பார்ப்பேன். அது அசையும். யாரோ வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று தோன்றும். அப்படியே தூங்கிப்போவேன்.

இன்னொன்றும் சொன்னாள், அது இன்றுவரை என்னை விடவில்லை. "கச்சிராயபாளையத்துல டவுன் பஸ்ஸுக்கு நிக்கிறோம்ல மாமா. ரொம்ப நேரம் நின்னுட்டா, இதோ இப்ப வந்துரும்னு தோணும்ல? இது அப்படி இல்ல. எவ்ளோ நேரம் நின்னாலும் நின்ன ஞாபகமே அதுக்கு இருக்காது. இப்பதான் வந்து நின்ன மாதிரியே நிக்கும்." ஒன்றை மட்டும் பார்த்தால் அது எப்போது அடி வைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நிறைய நடைகளை எடுத்து, எத்தனை கொஞ்சம் நின்றன, எத்தனை ரொம்ப நின்றன என்று அடுக்கினால், மணல் கொட்டினது போல ஒரு வடிவம் வந்துவிடும். அந்த வடிவத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை முதலில் எழுதியவர் அவளுடைய கைடு. அவள் கோடுகள் எல்லாம் அந்தக் கணக்கில் அழகாகப் போய் உட்கார்ந்தன. நீளமாகப் படுத்துக் கிடந்தவைதான் உட்காரவில்லை.

கைடு போனில் பேசுவார். அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எனக்கு ஒரு எழவும் புரியாது, ஆனால் குரல் புரியும். நிறையப் பேரிடம் வேலை வாங்கியவன் நான், குரலை வைத்தே சொல்லிவிடுவேன். ஒருநாள் போனை வைத்துவிட்டு வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குச் சொன்னாள். அந்த நீளமான கோடுகளை எடுத்துப் போடச் சொல்கிறார் கைடு. அவையெல்லாம் செத்தவை, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டவை, நடப்பவையே இல்லை என்கிறார். எடுத்துவிட்டால் கணக்கு சுத்தமாக நிற்கும், உடனே கையெழுத்துப் போடுவார், பட்டம் வரும். பெங்களூரில் ஒரு வேலை அந்தப் பட்டத்துக்காகக் காத்திருந்தது. எடுக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். உதவித்தொகை முடிகிற நேரம்.

"அவரு சொல்றது சரியா இருக்கலாம் மாமா. செத்ததாவும் இருக்கலாம். ஆனா உயிரோட ரொம்ப நேரம் நிக்கிற ஒரு வகை இருந்திச்சின்னா? அத நான் கண்ணால பாத்துட்டுத் தூக்கி எறிஞ்சிட்டேன்னு ஆவும்ல?"

நான் யோசிக்கவே இல்லை. யோசனை கேட்டால் உடனே சொல்கிறவன் என்றுதான் என்னிடம் ஊரே வருகிறது. "கெழங்கு லோடு வந்தா அழுகல எடுத்து எறியாம மூட்டை கட்டுவாங்களாம்மா? எறி. பட்டத்த வாங்கு. அப்புறம் நீ வச்சதுதான் சட்டம்."

"அழுகலான்னு ஒடிச்சிப் பாத்துட்டுத்தான மாமா எறியறீங்க? இத நான் இன்னும் ஒடிச்சிப் பாக்கலயே."

என் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. மகன் பேசமாட்டான், தம்பிகள் பேசமாட்டார்கள், என் மனைவி பேசுவாள் ஆனால் கேட்டும்விடுவாள். இந்தப் பெண் தலையைக் குனிந்தபடி, மரியாதை துளி குறையாமல், கேட்காமல் இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. அதோடு, கிழங்கை ஒடித்து உள்ளே அழுகலுக்கு அடையாளமான நீலக்கோடு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பதை எப்போது இவள் கவனித்தாள் என்று ஆச்சரியமும் வந்தது.

சாலையைத் திறந்துவிட்டதும் முதல் லோடுக்கு நானே மலைக்குப் போனேன். அவளும் வருகிறேன் என்றாள். டிரைவர், நடுவில் நான், ஜன்னல் ஓரம் அவள். வளைவுகள் ஏற ஏறப் பனி இறங்கிவந்தது. ஒரு வளைவில் வழியே இல்லை. எல்லாம் வெள்ளை. அதற்குள் முன்னால் ஒரு சிவப்பு வெளிச்சம் மட்டும், நெற்றியில் வைத்த குங்குமம் போல. டிரைவர் வண்டியை நிறுத்தினான். அந்த வெளிச்சம் போகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் சில சமயம் விலகுவதுபோலவும், சில சமயம் நம்மைப் பார்த்து வருவதுபோலவும் இருந்தது.

"நிக்குது" என்றேன்.

"எப்படி மாமா தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"மொதலாளிக்குத் தெரியாதது இன்னாக்கா இருக்கு?" என்றான் டிரைவர். அவன் குரலில் இருந்தது பணிவா குசும்பா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

மூன்று பேரும் அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்திருந்தோம். இன்ஜினை அணைத்ததும் எங்கேயோ ஒரு ஓடை கேட்டது. கண்ணாடியில் துளித் துளியாக நீர் சேர்ந்தது. ஒரு துளி நடுங்கும், நிற்கும், திடீரென்று ஒரு அடி இறங்கும், மறுபடி நிற்கும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நேரம் என்று ஒன்று இருந்ததாகவே தோன்றவில்லை. பிறகு பனி விலகியது. முன்னால் ஒரு பழைய மினி லாரி, அச்சு முறிந்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்விளக்கு மட்டும் எரிய, ஆளில்லாமல் நின்றது. நான் சொன்னதுதான். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன், மீசையைத் தடவிக்கொண்டேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்க சொன்னது சரிதான் மாமா" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "ஆனா தெரிஞ்சி சொல்லலியே" என்றாள்.

மலையிலிருந்து இறங்கியதும் கைடுக்குப் போன் போட்டு, எறியமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உதவித்தொகை நின்றது. பெங்களூர் வேலை வேறு யாருக்கோ போனது. அவள் அந்த மாடியை விட்டு நகரவில்லை. அந்த நடைக்காரர்களுக்கு ஒரு தீனி உண்டு, அது கூடினால் வேகமாக நடக்கும், குறைந்தால் நின்று நின்று நடக்கும். வெவ்வேறு அளவில் தீனி போட்டுப் பார்த்த பழைய கோடுகள் அவளிடம் இருந்தன. நிற்கிற நேரம் தீனிக்குத் தக்கபடி மாறினால் அது உயிரோடு காத்திருந்தது. தீனி எப்படி மாறினாலும் ஒன்றுபோலவே கிடந்தால் அது செத்தது. இதுதான் அவள் ஒடித்துப் பார்த்த விதம். சொல்லச் சுலபம். மழை வந்து, வெயில் வந்து, மறுபடி மழை வந்தது. சொந்தக்காரர்கள் வந்துபோகும்போது, "விஞ்ஞானி மருமவ மாடில காக்கா ஓட்டுதா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

கடைசித் தேர்வும் அந்த மாடியிலேயேதான் நடந்தது, லேப்டாப் வழியாக. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. என் மனைவி நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வடகத்துக்கு வரும் காக்கைகளைச் சத்தம் போடாமல் விரட்டிக்கொண்டிருந்தாள். கேமராவில் விழாத இடத்தில் நான் தொட்டிக் குழாயைப் பிடித்தபடி நின்றேன். திரையில் கோடுகள். உயிரோடு நின்றவை பச்சை. செத்தவை கறுப்பு. கைடு சொன்னதிலும் பாதி உண்மை, இவள் பயந்ததிலும் பாதி உண்மை. இரண்டிலும் சேராத கொஞ்சத்தைச் சாம்பல் நிறத்தில் விட்டிருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வயதான அம்மாள். அவர் ஒரே கேள்வியை இரண்டு மூன்று விதமாகக் கேட்டார். சாம்பல் நிறத்தைத்தான் கேட்கிறார் என்று எனக்கே தெரிந்தது. மருமகள் ஒரு மூச்சு விட்டு, "ஐ டோன்ட் நோ" என்றாள்.

அந்த இங்கிலீஷ் எனக்கும் தெரியும். எங்கள் தொழிலில் அந்த வார்த்தையைச் சொன்னவன் லோடை எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்தவன். போகாத ஊருக்கும் வழி தெரியும் என்று சொல்லி வண்டியை எடுத்துப் போய்ச் சேர்ந்தவன் நான். இத்தனை நாள் பாடுபட்டுவிட்டு இப்படிப் போட்டு உடைக்கிறாளே என்று குழாயை இறுக்கிப் பிடித்தேன். சிக்னல் போய்விட்டதோ என்று திரையை எட்டிப் பார்த்தேன். பிறகு அந்த அம்மாள் மெதுவாக ஏதோ சொன்னார். கைடு தலையாட்டினார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா சொல்றாங்க?" என்று என் மனைவி கேமராவுக்குள்ளேயே தலையை விட்டுவிட்டாள்.

"பாஸு அத்தை. தெரியாதுன்னு சொன்னத கடைசிப் பக்கத்துல ஒளிச்சி வெக்காத, மொதல்லயே போடுன்றாங்க."

இப்போது அவளும் என் மகனும் பனி கொட்டுகிற ஒரு தேசத்தில் இருக்கிறார்கள். அங்கே அவளுக்கென்று ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடம். மாடியில் அந்த நாற்காலி இல்லை, வெயிலில் உடைந்துபோயிற்று. மத்தியானத் தூக்கமும் எனக்குக் குறைந்துவிட்டது. முழங்கால் வளைவில் வண்டிகள் முன்போல ஏறுவதில்லை போலிருக்கிறது. அவள் அச்சில் வெளியிட்ட அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு லாரி ஆபீசில் மாட்டியிருக்கிறேன். பச்சை, கறுப்பு, நடுவில் சாம்பல். போனவாரம் அவள் பேசியபோது, "அந்தச் சாம்பக் கலரு இன்னாம்மா ஆச்சி?" என்று கேட்டேன். "பாத்துக்கினுதான் மாமா இருக்கோம்" என்றாள். பின்னால் காற்றோ இயந்திரமோ ஏதோ இரைந்துகொண்டிருந்தது.

நேற்று ஒரு வியாபாரி லோடு பேச வந்தார். பேச்சு முடிந்து எழுந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது எந்த ரோட்டுப் படம் என்று கேட்டார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சாம்பல் நிறத்தில் விரலை வைத்து, "இது இன்னாங்க?" என்றார்.

"தெரியாது" என்றேன். என் ஆபீசில் அந்த வார்த்தையை என் வாயால் யாரும் கேட்டதில்லை. வாசலில் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"எனக்கும் தெரியாது, என் மருமவளுக்கும் தெரியாது. இந்த ஒலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாதுங்க. ஆனா அது அங்க இருக்குதுன்னு எழுதி வச்சவ எங்க வூட்டுப் பொண்ணு."